வரைபடத்தில் கொக்கோவத்தைப் பாதை

உடஹேன, பல்லேபொல
2025 பெப்ரவரி 9

வரைபடத் தளத்தில் 'ஞானா மாத்தளை' என்ற பெயரில் திருத்துகிறவருக்கு,

நீங்கள் ஆணா பெண்ணா, இளவயதா முதுவயதா என்று எனக்குத் தெரியாது. நான் வரைந்த பாதையைத் திரும்பத் திரும்ப அழிப்பவர் நீங்கள் என்பது மட்டும் தெரியும். குறிப்பு எழுதும் பெட்டியில் இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. என் கோபம் இரண்டு வரியில் அடங்காது. அதனால் தளத்தின் அஞ்சலில் முழுக் கடிதமாகவே எழுதுகிறேன்.

நான் லொறிச் சாரதியாக இருந்தவன். மிளகும் கராம்பும் ஏற்றிக் கொழும்புக்கு ஓடினேன். கண்ணில் சத்திரசிகிச்சை செய்த பிறகு ஓட்ட வேண்டாம் என்றார்கள். சும்மா இருக்க முடியாமல் கைபேசியில் கண்டதையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, உலகத்தில் எவரும் காசில்லாமல் தம் ஊரை வரையக்கூடிய வரைபடம் ஒன்று இருக்கிறது என்று தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் காணொளியில் சொன்னான். எங்கள் ஊரைத் தேடிப் பார்த்தேன். வெறும் பச்சை. பள்ளிவாசல் இல்லை, கிணறு இல்லை, ஒரு வீடுகூட இல்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தில் எங்கள் கூரை ஓடுகளை எண்ணலாம், வரைபடத்தில் நாங்கள் பிறக்கவே இல்லை.

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்தப் படத்தின் மேல் கோடு போடப் படித்தேன். வீடு வீடாக வரைந்தேன். பள்ளிவாசலின் பின்புறமிருந்து, கொக்கோவத்தை என்ற பழைய கொக்கோத் தோட்டத்தின் ஊடாகப் பெரிய ரோட்டுக்கு இறங்கும் பாதையையும் வரைந்தேன். வீடுகளை விட்டுவிட்டீர்கள், பாதையை மட்டும் அழிக்கிறீர்கள். ஏன்? தோட்டத்தை வாங்கியிருக்கும் முதலாளி உங்களுக்குச் சொந்தமா?

பதில் வேண்டும்.

எம். நுஹ்மான்


மாத்தளை
2025 பெப்ரவரி 12

திரு. நுஹ்மான் அவர்களுக்கு,

நான் பெண். பெயர் ஞானாம்பிகை. நில அளவை வேலையில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த முதலாளியும் எனக்குச் சொந்தமில்லை. இந்த வரைபடத்தில் மாத்தளைப் பக்கத்தைக் கவனிக்கும் தொண்டர்களில் ஒருத்தி. எனக்கும் யாரும் காசு தருவதில்லை.

முதலில் உங்கள் வீடுகள். செய்மதிப் படங்கள் மலைநாட்டில் எப்போதும் சற்று விலகியே விழும். நீங்கள் அதைச் சரிபார்க்காமல் படத்தின் மேல் அப்படியே வரைந்திருந்தீர்கள். உங்கள் பள்ளிவாசல் ஓடைக்குள் நின்றது. நான்தான் ஊர் முழுவதையும் கிழக்கே தள்ளி வைத்தேன். அதற்கு நன்றி எதிர்பார்க்கவில்லை.

இனிப் பாதை. புதிய படத்தில் அதன் மேல் முனையில் ஒரு கேட் இருக்கிறது. உள்ளே வாகனங்கள் நிறுத்தும் இடமும் நான்கு விடுமுறைக் குடில்களும் இருக்கின்றன. நீங்களோ 'பொதுப்பாதை, எல்லோரும் போகலாம்' என்று பதிந்திருக்கிறீர்கள். உங்கள் கோட்டை நம்பி வந்த சுற்றுலா வான் ஒன்று கேட்டில் முட்டிக்கொண்டு, திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே மேலேறிப் போயிருக்கிறது. அதில் வந்தவர்கள் ஜெர்மன் மொழியில் எழுதிய முறைப்பாட்டை நான் கணினியில் மொழிபெயர்த்துத்தான் வாசித்தேன். அதற்கும் மேலாக, குறிப்புப் பகுதியில் 'இது எங்கள் பாதை, களவாடிவிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். தரையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வரைபடம் காட்டும். என்ன இருக்க வேண்டும் என்பதற்கு வேறு இடங்கள் உண்டு.

ஞானாம்பிகை


உடஹேன
2025 பெப்ரவரி 13

ஞானாம்பிகை மிஸ்,

பள்ளிவாசல் ஓடையில் நின்றதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஒழுங்கையாக நடந்து, செய்மதி சொல்லும் இடத்தைப் பதிந்து சரிபார்த்துவிட்டேன். நீங்கள் தள்ளியதிலும் கொஞ்சம் பிழை இருந்தது. அதையும் திருத்தியாயிற்று. நன்றி சொல்லும்படி ஏதும் இல்லை.

தரையில் என்ன இருக்கிறதென்று நான் சொல்கிறேன், கேளுங்கள். அந்தப் பாதையின் நடுவில் எங்கள் அடக்கத்தலம், மையவாடி, இருக்கிறது. ஊரில் யார் மௌத்தானாலும் மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோளில் ஏற்றி அந்த வழியாகத்தான் கொண்டுபோவோம். வாகனத்தில் ஏற்றுவதில்லை. ஒருவர் தோளிலிருந்து ஒருவர் தோளுக்கு மாறிக்கொண்டே போவது எங்கள் ஊர் வழக்கம். கொக்கோ மரங்கள் இருந்தபோது தோட்டத்துத் துரைமார்கூட ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். இந்த முதலாளி வந்து இரண்டு வருஷம் ஆகவில்லை, இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். சுற்றிப் போனால் பெரிய ரோட்டு வழியாக நாலு கிலோமீட்டர்.

பிரதேச சபைக்கு எழுதினோம். தேர்தல் முடியட்டும், புது உறுப்பினர்கள் வரட்டும், பொதுப்பாதை என்பதற்கு ஆதாரம் கொண்டுவாருங்கள் என்றார்கள். பழைய படத்தில் பார்க்கலாம் என்று இணையத்தில் வருஷம் வருஷமாகப் பின்னால் போனேன். எல்லா வருஷத்திலும் கொக்கோ இலை மூடியிருக்கிறது. பாதை அதற்குக் கீழே கிடக்கிறது. மரத்தை வெட்டிய பிறகு எடுத்த படத்தில் பாதை நன்றாகத் தெரிகிறது, கேட்டும் கூடவே தெரிகிறது. இந்த விஞ்ஞானத்தை என்ன செய்வது?

ஆகவே வரைவேன். நீங்கள் அழித்தால் திரும்ப வரைவேன். தரை தரை என்கிறீர்களே, ஒருநாள் வந்து தரையைப் பாருங்கள். மாத்தளையிலிருந்து பஸ் இருக்கிறது.

நுஹ்மான்


மாத்தளை
2025 ஏப்ரல் 20

நுஹ்மான் அவர்களுக்கு,

நோன்பு மாதம் முழுவதும் நீங்கள் வரைய நான் அழிக்க, பெருநாளன்றுகூட நீங்கள் விடவில்லை. தளத்தை நடத்துகிறவர்கள் நம் இருவரையும் எச்சரித்து எழுதியிருக்கிறார்கள். முப்பது வருடம் வேலை செய்தபோது எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்ததில்லை. இந்த வயதில் உங்களால் வந்தது.

ஏன் வந்து பார்க்கவில்லை என்று ஒவ்வொரு குறிப்பிலும் கேட்கிறீர்கள். சொல்கிறேன். வேலைக்காலத்தில் எல்லைத் தகராறுகளுக்குப் போகும் அளவையாளர்களோடு போயிருக்கிறேன். வேலியின் இந்தப் பக்கம் ஒருவர் கத்தியோடு, அந்தப் பக்கம் ஒருவர் கத்தியோடு. இருவரும் என்னைத்தான் பார்ப்பார்கள், நான் கோட்டை எங்கே போடுவேன் என்று. போதும் என்றாகிவிட்டது. இன்று வானத்திலிருந்து படம் வருகிறது. வீட்டில் இருந்தே வரையலாம். யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். இந்த வேலையை நான் விரும்புவதே அதற்காகத்தான்.

இருந்தும், யோசித்து ஒரு வழி கண்டேன். பாதையை வைத்துவிட்டேன். கேட்டையும் போட்டேன். யார் போகலாம் என்ற இடத்தில் நாம் தெரிவு செய்யக்கூடியவை நான்கு: பொது, தனியார், அனுமதியுடன், தெரியவில்லை. 'அனுமதியுடன்' என்று பதிந்திருக்கிறேன். அந்தக் குடில்களின் இணையப் பக்கத்தில், முன்கூட்டி அறிவித்தால் ஊரவர் சவ அடக்கத்துக்குப் பாதையைப் பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே. இதற்கு மேல் இரு பக்கத்துக்கும் நியாயமாக ஒன்று செய்ய முடியாது. தயவுசெய்து இதில் கை வைக்காதீர்கள்.

ஞானாம்பிகை


உடஹேன
2025 ஜூலை 6

ஞானாம்பிகை மிஸ்,

உங்கள் சொல்லில் கை வைக்க வேண்டாம் என்றீர்கள். நான் வைக்கவில்லை. பெரிய சண்டை சபையில் இருக்கும்போது சின்னச் சண்டை எதற்கு என்று விட்டேன். அந்தப் புத்தி எனக்கு ஏன் வந்தது என்று இப்போது என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் என் மூத்த சகோதரி, ஹவ்வா ராத்தா, மௌத்தானார். எங்கள் உம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு வளர்த்தவர். வீட்டில் எல்லோரும் ஜனாஸா அடக்கத்துக்குத் தயாரானபோது ராத்தாவின் மகன் ஷிஹாம் கைபேசியை எடுத்தான். கேட்டில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது: ஜனாஸா இருந்தால் இந்த இலக்கத்துக்கு அழைக்கவும். ஒரு அழைப்பு எடுத்தால் திறந்துவிடுவார்கள். நான் அவன் கையைப் பிடித்தேன். ஒரு தடவை கேட்டுப் போனால் அது கேட்டுப் போகிற பாதையாகிவிடும், நாளைக்குச் சபை விசாரணையில் இவர்கள் அனுமதி வாங்கித்தான் போனார்கள் என்று சொல்லுவார்கள், நம் பாட்டன்மார் எவரிடமும் கேட்டதில்லை என்றேன். ஒரு மணித்தியாலம் வாக்குவாதம். ராத்தாவின் மையத்தை வீட்டில் கிடத்திக்கொண்டு வாக்குவாதம் செய்தோம், அல்லாஹ் மன்னிக்க வேண்டும். வயதில் மூத்தவன் என்று கடைசியில் என் பேச்சைக் கேட்டார்கள்.

சந்தூக்கைப் பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றிப் பெரிய ரோட்டைச் சுற்றிக் கொண்டுபோனோம். ஆயுள் முழுக்க லொறி ஓட்டியவன் நான். என் ராத்தா சாமான்போல ஆடிக்கொண்டு போனதைப் பின்னால் முச்சக்கரவண்டியில் இருந்து பார்த்துக்கொண்டே போனேன். அடக்கம் முடிந்ததும் ஷிஹாம் எல்லோருக்கும் முன்னால் சொன்னான்:

"மாமா, உங்கட ரோட்ட நீங்களே வச்சிக்கொள்ளுங்க. உம்மாவ லொறியில ஏத்தினது முதலாளி இல்ல, நீங்க."

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. சரி, விசாரணை வரட்டும், அப்போது விளங்கிக்கொள்வான் என்று இருந்தேன்.

விசாரணை வியாழக்கிழமை நடந்தது. முதலாளியின் வழக்கறிஞர் எழுந்து ஒரு தாளை நீட்டினார். எங்கள் ஊர், நான் வரைந்த வீடுகள், நான் நடந்து பதிந்த ஒழுங்கைகள், எல்லாம் கலரில். கொக்கோவத்தைப் பாதையில் வட்டம் போட்டு, பக்கத்தில் 'அனுமதியுடன்'. ஊரவர்களே வரைந்த வரைபடம், அவர்களே இப்படிப் பதிந்திருக்கிறார்கள், இதற்கு மேல் என்ன ஆதாரம் என்றார். அது என் சொல் இல்லை, மாத்தளையில் ஒரு மிஸ் போட்டது என்றேன். அந்த மிஸ் பாதையைப் பார்த்தவரா என்று விசாரணை அலுவலர் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் உங்கள் வரைபடத்தில் ஏன் விட்டுவைத்தீர்கள் என்றார்.  ஷிஹாம் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வெளியே போய்விட்டான்.

தரையில் இருப்பதைத்தான் வரைபடம் காட்டும் என்று எனக்கு எழுதியவர் நீங்கள். என் ராத்தாவை எதற்காக லொறியில் ஏற்றினேனோ அதை உங்கள் ஒரு சொல் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. அடுத்த தவணை ஓகஸ்ட் மாதம். என்ன செய்யப் போகிறீர்கள்?

நுஹ்மான்


மாத்தளை
2025 ஜூலை 8

நுஹ்மான் நானாவுக்கு,

உங்கள் சகோதரியின் இழப்புக்கு என் அனுதாபம். இதை முதலில் எழுதாமல் வேறு எதையும் எழுத முடியவில்லை.

இரண்டு நாளாக அந்த ஒரு சொல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை நான் தரையிலிருந்து எடுக்கவில்லை. குடில்களின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்தேன். அதாவது, வழக்கில் ஒரு பக்கம் சொன்னதை எடுத்து நடுநிலை என்று பதிந்திருக்கிறேன். நீங்கள் அப்படி ஏதாவது செய்திருந்தால் அன்றே அழித்து, ஒரு பாடமும் எடுத்திருப்பேன்.

உடனே 'பொது' என்று மாற்றச் சொல்வீர்கள். மாற்ற மாட்டேன். அதுவும் நான் தரையில் பார்க்காததுதான். இந்த முறை உங்கள் பக்கத்திலிருந்து எடுத்ததாக இருக்கும்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். என் முழங்கால் நல்ல நிலையில் இல்லை, பள்ளிவாசல் வரை ஒரு முச்சக்கரவண்டி சொல்லி வையுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கே யாரோடும் சண்டை பிடிக்கக் கூடாது.

ஞானாம்பிகை


மாத்தளை
2025 ஜூலை 13

நுஹ்மான் நானா,

நேற்று நடந்து பதிந்த தடத்தைத் தளத்தில் ஏற்றிவிட்டேன். யாரும் பார்க்கலாம். 'அனுமதியுடன்' என்பதை நீக்கி, 'தெரியவில்லை' என்று பதிந்திருக்கிறேன். இணையப் பக்கத்தை நம்பி முன்பு பிழையாகப் பதிந்தவள் நானே என்றும், உடஹேன ஊரவர் எவரும் அந்தச் சொல்லைப் பதியவில்லை என்றும் குறிப்பு எழுதி என் முழுப் பெயரையும் போட்டிருக்கிறேன். ஓகஸ்ட் தவணைக்கு நேரில் வந்து அதையே சொல்வேன். இரு பக்கமும் என் முகத்தைப் பார்க்கட்டும்.

நேற்றைய நடையைப் பற்றி என் குறிப்பு இவ்வளவுதான்: கீழ் முனையிலிருந்து மேல் முனை வரை நடந்தோம். பாதை தெளிவாக இருக்கிறது. மேல் முனையில் கேட். காவலாளி திறந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு உங்கள் வீட்டாருக்கு நன்றி சொல்லுங்கள்.

ஞானாம்பிகை


உடஹேன
2025 ஜூலை 15

ஞானாம்பிகை மிஸ்,

உங்கள் குறிப்பு வாசித்தேன். 'காவலாளி திறந்தார்.' இப்படி எழுதினால், நாம் கேட்டோம், அவர் இரக்கப்பட்டுத் திறந்தார் என்றல்லவா ஓகஸ்டில் அந்த வழக்கறிஞர் வாசிப்பார்? நடந்தது அதுவா? நீங்கள் சுருக்கமாக எழுதுகிறவர். நான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், இதையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

நாம் முதலில் மேல் கேட்டுக்குத்தான் போனோம். நான் பிடிவாதமாக அங்கேதான் கூட்டிப்போனேன். அங்கே காவல் வேலைக்கு நிற்கும் ஜீவராஜ், பாவம், எல்கடுவப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை, "மிஸ், சேர்கிட்ட ஒரு போன் கோல் எடுத்துக் கேட்டுட்டுத் தொறந்துர்றேங்க, ரெண்டு நிமிஷம்" என்றான். நான் வேண்டாம் என்றேன். நீங்களும் வேண்டாம் என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு, கீழ் முனையிலும் கேட் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டீர்கள். இல்லை என்றேன். அங்கே முள்ளுக்கம்பிகூடக் கிடையாது, ஊர் இருப்பது மேலே என்பதால் மேலே மட்டும்தான் பூட்டினார்கள். பிறகேன் கீழாலே வரவில்லை என்றீர்கள். என் பாதையில் நான் ஏன் பின்வழியால் வர வேண்டும், நான் கள்ளனா என்றேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எரிகிறது.

"நானா, அளக்கிற ஆள் எந்த முனை திறந்திருக்கோ அங்க இருந்துதான் தொடங்குவான். பாதைக்கு முன்பக்கம் பின்பக்கம் எண்டு ஒண்டும் இல்ல."

அந்த நாலு கிலோமீட்டரைச் சுற்றி முச்சக்கரவண்டியில் போய்க் கீழே இறங்கினோம். யாரும் தடுக்கவில்லை. உங்கள் முழங்காலுக்காக மூன்று இடத்தில் நின்றோம். மையவாடியில் நீங்கள் மதிலுக்கு வெளியே நின்றீர்கள். நான் உள்ளே போய் ராத்தாவுக்கு ஸலாம் சொன்னேன்.  விளக்கம் சொல்லலாம் என்றுதான் போனேன். மண் இன்னும் ஈரமாக இருந்தது, விளக்கத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

மேலே ஏறி வந்தால் கேட்டுக்கு உட்பக்கம் நாம், வெளிப்பக்கம் கதிரையில் ஜீவராஜ். அவன் எழும்பிய விதம்! எப்படி உள்ளே வந்தீர்கள் என்று அவன் கேட்கவே இல்லை. "ஐயோ ஐயா, சேர் பாத்தா என் வேல போயிரும், வெளிய வாங்க, சீக்கிரம் வெளிய வாங்க" என்று பூட்டைத் திறந்தான். நாம் அவனிடம் ஒரு சொல் கேட்கவில்லை. போகவிடச் சொல்லிக் கேட்டால்தானே அனுமதி? அவன் நம்மைத் துரத்துவதற்காகத் திறந்தான். முழுப் பாதையும் நடந்து முடித்த பிறகு திறந்தான். இதைத்தான் நீங்கள் எழுத வேண்டும். அவன் பெயரை மட்டும் போடாதீர்கள், பிழைக்கிற பிள்ளை.

இனி அந்தச் சொல். 'தெரியவில்லை' என்று பதிந்திருக்கிறீர்கள். யாருக்குத் தெரியவில்லை? உங்களுக்குத் தெரியும், கீழிருந்து மேல்வரை நடந்தீர்கள். எனக்குத் தெரியும். ஜீவராஜுக்கும் தெரியும். முதலாளிக்குத் தெரிந்ததால்தான் பலகை மாட்டினார். விசாரணை முடியும்வரை அதுதான் நேர்மையான சொல் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னீர்கள். நேர்மையான சொல்லாக இருக்கலாம். எனக்கு அது போதாது. நான் அதைத் தொடமாட்டேன், உங்களுக்கு இன்னொரு எச்சரிக்கைக் கடிதம் வர நான் காரணமாக இருக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வாரமும் எழுதி மாற்றச் சொல்வேன்.

ஷிஹாம் இன்னும் பேசவில்லை. நேற்று அவன் மனைவி அஸ்ரா வந்து, அவனும் உங்கள் தடத்தைக் கைபேசியில் பார்த்தான் என்று சொன்னாள். என்ன சொன்னான் என்று கேட்டேன்.  மையவாடிப் பக்கம் கோடு கொஞ்சநேரம் நின்று ஒரு புள்ளிக் கூட்டமாகத் தெரிகிறதே, அது என்ன என்று மட்டும் கேட்டிருக்கிறான். அங்கே மாமா நின்றார் என்று அவள் சொல்லியிருக்கிறாள். பிறகு எழுந்து தேநீர் போடப் போய்விட்டானாம்.

தோளில் கொண்டுபோயிருக்க வேண்டிய வழியில் நான் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். என்னைக் கேட்டால் அந்தப் பாதைக்கு இன்னும் ஒரு கடன் இருக்கிறது. அடுத்த மையம் யாருடையதாக இருந்தாலும், என்னுடையதாகவே இருந்தாலும், அது அந்தக் கேட் வழியாகத்தான் போகும், யாருக்கும் கோல் எடுக்காமல் போகும். வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். ஷிஹாமிடம் சொல்ல ஆள் அனுப்பியிருக்கிறேன்.

சொல்லை மாற்றுங்கள்.

நுஹ்மான்